ஆடலிசையும் செவ்விசையும்

எளியோர் இசையென ஒதுக்கப்பட்டதைக் கற்றோர் அவையில் ஏற்றுதல் அரிய செயல். தானே நாணி மறைத்ததைத் தன் செல்வமென உணர்தல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் செய்தவர் ஆர்ஜென்டீனா நாட்டு இசைஞர் அஸ்தோர் பியாசொல்லா. அவர் வரலாற்றை மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டாங்கோ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே புவனஸ் அயர்ஸ் முதலிய துறைமுக நகரங்களில், ஏழை மக்களிடையே தோன்றிய ஆடலிசை. அதற்கு உயிர்போன்ற கருவி பண்டோனியன். ஜெர்மனியிற் பிறந்த இக்கருவி, ஆர்மோனியத்தைப் போலத் துருத்திக் காற்றினால் ஒலிப்பது. மடிமீது வைத்து இரு கைகளாலும் விரித்தும் சுருக்கியும் வாசிக்கப்படுவது.

1921 ஆம் ஆண்டு மார் டெல் பிளாட்டா நகரிற் பிறந்த பியாசொல்லா, இளமையின் பெரும்பகுதியை நியூயோர்க்கிற் கழித்தார். அங்கே அவர் தந்தையார் அடகுக்கடையொன்றிற் பண்டோனியன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். தாயகம் மீண்டபின், 1939 இல் அனிபால் திரொய்லோவின் டாங்கோக் குழுவிற் சேர்ந்தார். இரவில் ஆடலரங்குகளில் வாசித்த அவர், 1941 முதல் அல்பெர்த்தோ ஹினஸ்தேராவிடம் ஐரோப்பியச் செவ்விசை இயற்றும் முறையைப் பயின்றார். செவ்விசையே உயர்ந்தது, டாங்கோ தாழ்ந்தது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

1954 இல் அவர் பாரிஸ் சென்று நாடியா பூலான்ஜே என்னும் பேராசிரியையிடம் மாணவரானார். தாம் டாங்கோ வாசிப்பவர் என்பதை முதலில் மறைத்தார். அவருடைய செவ்விசை ஆக்கங்களை நோக்கிய ஆசிரியை, அவை செம்மையாக அமைந்திருப்பினும் அவற்றில் அவரைக் காணவில்லை என்றார். பின்னர் வற்புறுத்தி வினவ, பியாசொல்லா உண்மையை ஒப்புக்கொண்டு, தாம் இயற்றிய டாங்கோ ஒன்றைப் பியானோவில் வாசித்தார். உண்மையான பியாசொல்லா இங்கேதான் இருக்கிறார், இதனைக் கைவிடற்க என்று ஆசிரியை அறிவுறுத்தினார். இச்செய்தியைப் பியாசொல்லாவே பிற்காலத்திற் பலமுறை நினைவுகூர்ந்தார்.

எனினும் அவர் செவ்விசையைத் துறந்தாரல்லர். 1955 இல் எண்மர் குழுவையும் 1960 இல் ஐவர் குழுவையும் அமைத்தார். எட்டு நுண்மாத்திரைகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பகுத்து அழுத்தும் தாளநடை அவர் இசைக்கு அடித்தளமாயிற்று. ஒரு குரல் தொடங்கிய இசைக்கருவை வேறு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுப் பின்னிச் செல்லும் பியூக் என்னும் முறையினை அவர் டாங்கோவிற் புகுத்தினார். 1968 இல் அரங்கேறிய 'மரியா டி புவனஸ் அயர்ஸ்' என்னும் இசை நாடகத்தில் இதனைக் கேட்கலாம்.

பழமை விரும்பிகள் இது டாங்கோவே அன்று எனச் சினந்தனர். அவர் தளர்ந்திலர். 1959 இல் தந்தையார் இறந்தபோது, தாம் முன்னர் அவர் பெயரால் இயற்றிய டாங்கோவின் தாளப்பகுதியை வைத்துக்கொண்டு 'அதியோஸ் நோனினோ' என்னும் இரங்கலிசையை ஆக்கினார். அடகுக்கடைக் கருவியை வாங்கித் தந்த தந்தைக்கு மகன் ஆற்றிய கைம்மாறு அதுவே எனலாம். அவர் 1992 இல் மறைந்தார். பின்னர் கீடன் கிரெமர், யோ-யோ மா போன்ற செவ்விசை மேதைகளும் அவர் ஆக்கங்களை விரும்பி வாசித்தனர்.

மாணவர்காள்! பிறர் கலையைக் கற்பது தம் கலையை மறப்பதற்கன்று, அதனை வளம்படுத்துவதற்கே. மாணவன் நாணி மறைப்பதில் அவன் ஆற்றலைக் காண்பது நல்லாசிரியர் கடன். ஆசிரியராகிய யாமும் அதனை மறத்தலாகாது.