வேனிற்காலத்து வீட்டுத் தோட்டம்

வட இந்தியச் சமவெளியில் வேனிற்காலம் கடுமையானது. ஏப்ரல் மாத நடுவில் தொடங்கி, ஜூன் மாதக் கடைசியில் பருவமழை வந்து சேரும்வரை, டில்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய பகுதிகளில் பகல் வெப்பநிலை பல நாட்களில் 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். மேற்கிலிருந்து ‘லூ’ எனப்படும் உலர்ந்த அனற்காற்று வீசும். குளிர்காலத்தில் செழித்திருந்த முட்டைக்கோசு, பட்டாணி, காரட் முதலியவை மார்ச் மாதத்தோடு முடிந்துவிடுவதால், அதன்பின் தோட்டத்தைக் கைவிட்டுவிடுவது பல வீடுகளிலும் பள்ளிகளிலும் வழக்கமாக இருக்கிறது. வேனிலில் எதுவும் வளராது என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

இவ்வெண்ணம் சரியன்று. ரபி, கரீப் என்னும் இரு பெரும் பருவங்களுக்கு இடைப்பட்ட இக்குறும்பருவத்தை வடநாட்டு உழவர்கள் ‘ஜாயித்’ என்று அழைக்கின்றனர். யமுனை, கங்கை ஆகிய ஆறுகளில் நீர் வற்றியதும், மணற்படுகையில் நீண்ட குழிகள் தோண்டி, எருவிட்டு, இளஞ்செடிகளைக் குளிர்காற்றும் மணலும் தாக்காதபடி புல்தட்டி கட்டி, வெள்ளரி, தர்ப்பூசணி, முலாம்பழம், சுரை ஆகியவற்றை அவர்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வருகின்றனர். ஆற்று மணலில் இயல்வது வீட்டுக் கொல்லையிலும் பள்ளி வளாகத்திலும் இயலும். வேண்டுவன மூன்று: பருவத்துக்கேற்ற பயிர், நீரைச் சிக்கனமாக ஆளும் முறை, தோட்டத்திற்கு வரும் உயிரினங்களைப் பற்றிய தெளிவு. மூன்றாவதை அறியாமையால் நல்ல தோட்டங்கள் பல பயன் தராமற் போகின்றன. ஆதலின் இக்கட்டுரையில் அது சற்று விரிவாகக் கூறப்படுகிறது.

1. விதைக்க வேண்டிய பயிர்கள்

வெண்டை, சுரை, பீர்க்கு, நுரைப்பீர்க்கு, பாகல், பூசணி, வெள்ளரி, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை இப்பருவத்திற்கு உரியவை. குளிர் தணிந்தவுடன், பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் மாதத்திற்குள் விதைப்பது நலம். காலந்தாழ்த்தி விதைத்தால் முளைக்கும் செடி நேராக அனற்காற்றின் வாயில் அகப்படும். வெண்டை, பாகல் முதலியவற்றின் விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் முளைப்பு சீராக இருக்கும்.

வெண்டையைப் பற்றி ஒரு செய்தியை ஊழியர்கள் அறிந்திருத்தல் நன்று. இலை நரம்புகள் மஞ்சளாக மாறும் நோய் இப்பயிரின் பெரும் பகை. இதனை விளைவிப்பது ஒரு வைரஸ். செடிக்குச் செடி பரப்புவது வெள்ளை ஈ. இந்நோயைத் தாங்கும் ‘பூசா சவானி’ என்னும் இரகத்தை இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் ஹர்பஜன் சிங் உருவாக்கினார். நாடெங்கும் அது பரவியது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் எதிர்ப்பாற்றல் குன்றிவிட்டது. பின்னர்க் காட்டு வெண்டை இனத்தின் எதிர்ப்பாற்றலைச் சேர்த்து, பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ‘அர்க்கா அனாமிகா’, ‘அர்க்கா அபய்’ போன்ற இரகங்கள் உருவாக்கப்பட்டன. எந்த இரகமும் எக்காலத்திற்கும் நோயற்றதாக நிற்பதில்லை என்பது இதனால் விளங்கும். நரம்பு மஞ்சளான செடியைக் கண்டவுடன் வேரோடு பிடுங்கி அகற்றுவதே வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற முறை.

தண்டுக்கீரை வேனிலின் சிறந்த பயிர். விதைத்த ஒரு மாதத்திற்குள் அறுவடைக்கு வரும். கடும் வெயிலிலும் அது தளர்வின்றி வளர்வதற்குக் காரணம் உண்டு. அதன் இலையில் கரியமில வாயுவை முதலில் சேர்த்துவைக்கும் சிறப்பான அமைப்பு இருப்பதால், இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே அது உணவைத் தயாரித்துக்கொள்ளும். துளைகள் குறைவாகத் திறப்பதால் நீர் இழப்பும் குறைகிறது. மக்காச்சோளமும் கரும்பும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

2. மண்ணும் நீரும்

நன்கு மட்கிய தொழு எருவை மண்ணில் கலந்து பாத்தியை அமைக்க வேண்டும். மட்கு கலந்த மண் நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும். செடிகளின் அடியில் வைக்கோல், உலர்ந்த சருகு, புல் ஆகியவற்றை இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பினால் மண் சூடேறாது. ஈரமும் விரைவில் ஆவியாகாது. மேற்குப் புறத்தில் மக்காச்சோளம் அல்லது சோளத்தை இரண்டு வரிசை நெருக்கமாக விதைத்தால், அது அனற்காற்றுக்குத் தடுப்பாக நிற்கும்.

காலையிலோ மாலையிலோ நீர் பாய்ச்ச வேண்டும். நண்பகலில் சுரை, பூசணி ஆகியவற்றின் அகன்ற இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு பலர் உடனே நீர் ஊற்றுவர். இது எப்போதும் தேவைப்படுவதன்று. வேர் உறிஞ்சும் நீரைவிட இலை விடும் நீராவி மிகுதியாவதால் அத்துவட்சி ஏற்படுகிறது. மாலையில் இலை தானாக நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் இலை துவண்டிருந்தால் மண்ணில் ஈரம் இல்லை என்று கொள்ளலாம்.

நீர் அரிதான இடங்களில் பானைப் பாசனம் ஏற்றது. மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, அதனைச் சுற்றி மூன்று நான்கு விதைகளை ஊன்ற வேண்டும். பானையில் நிரப்பிய நீர் அதன் நுண்துளைகளின் வழியே கசிந்து வேருக்குச் சேரும். மண் உலர உலரக் கசிவு மிகும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். கொசு முட்டையிடாதபடி பானையின் வாயை மூடி வைப்பது அவசியம்.

3. மலரும் நேரமும் காய் பிடித்தலும்

கொடிக் காய்கறிகளைப் பயிரிடுவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. “கொடி நன்றாகப் படர்ந்தது, பூவும் பூத்தது, பிஞ்சுகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன” என்பர். நோய் என்று எண்ணி உடனே பூச்சிமருந்தைத் தேடுவோரும் உளர். ஆனால் பெரும்பான்மையான இடங்களில் அது நோயன்று. மகரந்தச் சேர்க்கை நடைபெறாமையே காரணம். அந்நிலையில் மருந்து தெளிப்பது, குறையைத் தீர்க்க வரும் தேனீயையே கொன்றுவிடும்.

சுரை, பீர்க்கு, பூசணி, பாகல் ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே தோன்றும். பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண்பூ வெறுங்காம்பில் நிற்கும். கோவையிலும், பீகார், வங்காளப் பகுதிகளில் பெரிதும் உண்ணப்படும் பர்வலிலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. முதலில் தோன்றுபவை பெரும்பாலும் ஆண்பூக்களே. நீண்ட பகலும் மிகுந்த வெப்பமும் ஆண்பூக்களின் எண்ணிக்கையைப் பெருக்கும். உரிய காலத்தில் விதைக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு கொடிக்கும் மலரும் நேரம் வேறு. பூசணி விடியுமுன் மலர்ந்து முற்பகலில் கூம்பிவிடும். பாகலும் நுரைப்பீர்க்கும் அதிகாலையில் மலரும். ஆனால் நுரைப்பீர்க்குக்கு நெருங்கிய உறவான பீர்க்கோ மாலையில் மலரும். சுரையின் வெண்ணிறப் பூ அந்தியில் விரிந்து இரவு முழுதும் திறந்திருக்கும். காலையில் மலர்வனவற்றைத் தேனீக்கள் நாடுகின்றன. இருளில் வெண்மையாகத் தோன்றும் சுரைப்பூவை அந்துப்பூச்சிகள் நாடுகின்றன. ஒரே பந்தலில் பீர்க்கையும் நுரைப்பீர்க்கையும் படரவிட்டால், காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாகப் பந்தல் இருமுறை பூத்துப் பொலிவதைக் காணலாம். இதைப் போன்ற இன்பமும் பாடமும் ஒருங்கே தரும் காட்சிகள் சில.

பூச்சிகள் போதிய அளவு வராத இடத்தில் கையாலேயே சேர்க்கை செய்யலாம். அன்று மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத் தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவ வேண்டும். பூசணிக்கு இதனைக் காலையிலும், சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையிலும் செய்தல் வேண்டும். சேர்க்கை நிறைவேறிய பிஞ்சு சில நாட்களில் பருக்கத் தொடங்கும்.

4. பூச்செடிகள்

காய்கறிப் பாத்தியின் ஓரங்களில் பூச்செடிகளை வைப்பது அழகுக்காக மட்டுமன்று. அவை மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளைத் தோட்டத்திற்கு அழைத்து வருகின்றன. ஜினியா, சூரியகாந்தி, வாடாமல்லி, செண்டுப்பூ, பத்துமணிப்பூ ஆகியவை வெயிலைத் தாங்குவன. பத்துமணிப்பூ வெயில் ஏறியபின் விரியும். வானம் மூடியிருந்தால் சரியாக விரியாது. அதன் சதைப்பற்றுள்ள இலைகள் நீரைச் சேமித்து வைப்பவை. நம் நாட்டில் உணவாகும் பருப்புக்கீரை அதன் உறவினமே. செண்டுப்பூவின் வேரிலுள்ள ஒரு பொருள், காய்கறி வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுக்களைக் குறைக்கவல்லது. அந்திமந்தாரையும் மல்லிகையும் மாலையில் மணம் பரப்பி அந்துப்பூச்சிகளை ஈர்க்கும். பகல் முழுதும் வெப்பத்தில் வாடிய வீட்டாருக்கு, நீர் தெளித்த மண்ணின் குளிர்ச்சியும் இம்மலர்களின் மணமும் பெரிய ஆறுதலாகும்.

5. தோட்டத்திற்கு வரும் உயிரினங்கள்

வேனிலில் சுற்றுப்புறம் காய்ந்து கிடக்கையில், பசுமையும் ஈரமும் உள்ள சிறு தோட்டம் பல உயிர்களுக்குப் புகலிடமாகிறது. கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ, துளைவண்டு ஆகியவை பூக்களை நாடி வரும். தேன்சிட்டு தேனை உறிஞ்சுவதோடு சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் உண்ணும். தையற்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களைப் பஞ்சு, நார், சிலந்தி நூல் ஆகியவற்றால் தைத்து அதனுள் கூடு கட்டும். கொண்டைக்குருவி பழத்தையும் பூச்சியையும் உண்ணும். 2012இல் டில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்ட சிட்டுக்குருவி, தான் தானியம் தின்றாலும், தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. அணிலும் வரும். வடநாட்டு அணிலின் முதுகில் ஐந்து கோடுகளும் தென்னாட்டு அணிலின் முதுகில் மூன்று கோடுகளும் இருத்தலை மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம்.

அகன்ற மண்தட்டில் ஆழமின்றி நீர் வைத்து, நடுவில் ஒரு கல்லை இட்டால், பறவைகள் குளிக்கவும் தேனீக்கள் கல்லின்மீது அமர்ந்து நீர் அருந்தவும் பயன்படும். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஓணானும் தேரையும் பூச்சிகளைத் தின்று உதவுவன. அவற்றைக் கல்லெறிந்து விரட்டும் வழக்கத்தை ஆசிரியர்கள் தடுக்க வேண்டும். குளிர்ந்த மூலைகளைப் பாம்புகளும் நாடக்கூடுமாதலால், சருகுக் குவியலிலும் பானை அடியிலும் வெறுங்கையை விடலாகாது. மாலையில் விளக்கின்றித் தோட்டத்தில் நடத்தலும் கூடாது.

6. தீங்கு செய்யும் பூச்சிகள்

சிவப்புப் பூசணிவண்டு முளைத்தவுடன் தோன்றும் விதையிலைகளைத் தின்று கொடியை அழித்துவிடும். அதிகாலையில் அது மந்தமாக இருக்கும். அப்போது கையால் பிடித்து அழிக்கலாம். இளஞ்செடிகளின்மீது அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய முறை. பழ ஈ பிஞ்சில் முட்டையிடும். புழுக்கள் உள்ளே குடைந்து காயை அழுகச்செய்யும். அழுகி விழுந்தவற்றை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாவதால் மண்ணைக் கொத்திக் கிளறுவதும் பயன் தரும். பிஞ்சைக் காகிதப் பையால் மூடுவது இன்னும் உறுதியான காப்பு. செடிப்பேனைப் பொறிவண்டும் அதன் புழுவும் தின்றுவிடுகின்றன. கரிய உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் தோன்றும் அப்புழுவைப் பகையென்று கருதி நசுக்குவோர் பலர்.

ஒரு காலத்தில் வீட்டுத் தோட்டங்களிலும் தாராளமாகத் தூவப்பட்ட டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பறித்த அன்றே சமையலுக்குச் செல்லும் காய்கறிக்கு நஞ்சு தெளிக்காதிருப்பதே அறிவுடைமை. தெளித்தே தீரவேண்டிய நிலையிலும், பூ மலர்ந்துள்ள நேரத்தில் தெளித்தல் கூடாது.

7. பள்ளித் தோட்டமும் விடுமுறையும்

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019இல் வெளியிட்டது. வடநாட்டுப் பள்ளிகளில் இத்தோட்டங்கள் பெரும்பாலும் கெடுவது கோடை விடுமுறையின்போதுதான். பிஞ்சு விடும் காலமும் பள்ளி மூடும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. நான்கு மாதம் உழைத்த மாணவர், திரும்பி வந்து காய்ந்த கொடியைக் காண்பராயின், தோட்ட வேலையில் அவர்க்கு மீண்டும் ஊக்கம் பிறப்பது அரிது. எனவே விடுமுறைக்கு முன்னரே திட்டம் வகுக்க வேண்டும். பள்ளிக்கு அருகில் வாழும் குடும்பங்களிடையே நீர் ஊற்றும் முறையை வாரத்திற்கொருவராகப் பங்கிட்டு, அந்த வாரத்தில் காய்க்கும் காயை அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என விதித்தால், வேலை தடையின்றி நடைபெறும். பாத்திகளைக் குறைத்து, பானைப் பாசனத்தையும் சருகு மூடாக்கையும் கைக்கொண்டால் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை கவனித்தாலும் போதும்.

மாணவர் செய்ய வேண்டிய பயிற்சிகள்

(அ) பீர்க்கு, நுரைப்பீர்க்கு, சுரை, பூசணி ஆகியவற்றின் பூக்கள் விரியும் நேரத்தையும் கூம்பும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து அட்டவணை தயாரிக்கவும்.

(ஆ) சுரைக்கொடியில் ஐந்து பெண்பூக்களுக்குக் கையால் சேர்க்கை செய்து, நூல் கட்டி அடையாளமிடவும். வேறு ஐந்து பூக்களை மலருமுன் காகிதப் பையால் மூடி, மறுநாட்காலை வரை அவ்வாறே விடவும். எவை காயாயின என்பதை ஒப்பிட்டுக் காரணம் கூறவும்.

(இ) எலுமிச்சை அல்லது கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் தோன்றும் சிறு புழுவைத் தேடிக் கண்டு, அது பச்சை நிறம் பெற்று, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும் வரை நாள்தோறும் படம் வரையவும்.

(ஈ) மூடாக்கு இட்ட பாத்தியிலும் இடாத பாத்தியிலும் நண்பகலில் மண்ணின் வெப்பநிலையை அளந்து வேறுபாட்டைக் குறிக்கவும்.

ஒரு சிறு பாத்தியில் சில வெண்டைச் செடிகளும், ஒரு பந்தலில் இரண்டு கொடிகளும், ஓரத்தில் ஒரு வரிசைப் பூச்செடியும், ஒரு தட்டு நீரும் இருந்தால் இப்பாடங்கள் அனைத்தையும் நடத்திவிடலாம். பருவமழையின் முதல் தூறல் விழும்போது அத்தோட்டம் உயிருடன் நிற்குமாயின், அடுத்த பருவத்திற்கான விதையும் அதனை விதைக்கும் ஊக்கமும் மாணவரிடம் தாமே இருக்கும்.