திடலுக்கு மேலும் விதி உண்டு

காற்பந்து ஆட்டத்தை உயரத்திலிருந்து படமெடுத்தால், தற்காப்பில் எங்கே இடைவெளி விழுகிறது என்பது பயிற்றுநருக்குத் தெளிவாகப் புலப்படும். ஆயினும், சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத் திடலில் நினைத்தவுடன் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட முடியாது. அத்திடல் பாய லேபார் ஆகாயப்படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அமைந்துள்ளது. அதனால், சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. தொலைவிலுள்ள திடல்களிலும் கடல்மட்டத்திலிருந்து 200 அடியைத் தாண்ட அனுமதி பெற வேண்டும்.

இது மிகையான கெடுபிடியா? 2019 ஜூனில் சாங்கி விமான நிலையத்தருகே இத்தகைய வானூர்திகள் பறந்ததால் 37 விமானங்கள் தாமதமாயின. விளையாட்டுத் திடலும் ஓடுபாதையும் இவ்வளவு நெருங்கியுள்ள சிறிய நாட்டில் அந்தக் கண்டிப்பு நியாயமானதே. மேலும், 250 கிராமுக்கு மேற்பட்ட வானூர்தியைப் பதிவுசெய்ய 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆர்வமுள்ள உயர்நிலை ஒன்று மாணவர், பெற்றோரின் உதவியைத்தான் நாட வேண்டும்.