விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: ஒரு மாணவப் பார்வை

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன? நமக்கெல்லாம் மனப்பாடமான இரண்டு மார்க் கேள்வி. "ஹார்டுவேருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் நடுவில் நின்று வேலைகளை நடத்திக் கொடுக்கும் மென்பொருள்" என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். ஆனால் பழகிய ஒன்றை விட்டு வேறொன்றுக்கு மாறும்போதுதான் இந்த விடையின் பொருள் விளங்குகிறது. கம்ப்யூட்டரின் இயல்பு எது, நம் கையின் பழக்கம் எது என்பது அப்போதுதான் பிரிந்து தெரிகிறது. விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்கு வந்த முதல் மாதத்தில் நான் கண்டதைச் சக மாணவ நண்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

ஏன் மாற வேண்டும்?

2015-ல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடுகிற பழைய லேப்டாப்புகள் பல இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. நம்மில் பலரிடம் இருப்பது அண்ணனோ அக்காவோ படித்து முடித்துக் கொடுத்த லேப்டாப்தான். "புதுசு வாங்கிக் கொடுங்க" என்று வீட்டில் கேட்க எல்லாருக்கும் வாய் வராது. என்னுடையதும் 4 ஜி.பி. ராம் கொண்ட பழசுதான். அதில் லினக்ஸ் மின்ட் போட்டேன். விலை கிடையாது, லைசென்ஸ் தொல்லையும் கிடையாது.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல்தான் லினக்ஸ். அப்போது அவருக்கு வயது 21. ஏறக்குறைய நம் வயதுதான்! இன்று ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் இதே கெர்னல். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியல் முழுவதும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் வசமே இருக்கிறது.

சி டிரைவ் எங்கே?

என் லேப்டாப்பைத் திறந்து பார்த்த நண்பன் முதலில் கேட்டது, "டேய், சி டிரைவைக் காணோமேடா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஃபிளாப்பி காலத்தில் 'ஏ'யும் 'பி'யும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்டு டிஸ்குக்கு 'சி' வந்தது. ஃபிளாப்பி மறைந்தும் எழுத்து மட்டும் நிற்கிறது. ஆக, 'சி' என்பது கம்ப்யூட்டரின் விதி அல்ல, ஒரு பழைய வழக்கம்.

லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். அடியில் 'ரூட்' என்ற வேர்; அதிலிருந்து கிளைகள். நம் ஃபைல்கள் 'ஹோம்' என்ற கிளையில் இருக்கும். பென் டிரைவைச் செருகினால் அதுவும் புதுக் கிளையாக வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று: ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக வைத்தால் லினக்ஸுக்கு அவை இரண்டு தனி ஃபைல்கள். முதல் வாரம் இது படுத்தும். பிறகு பெயர் வைப்பதிலேயே ஓர் ஒழுங்கு வந்துவிடும்.

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் இங்கேயும்!

ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரர், குழு, மற்றவர் என மூன்று தரப்பு உண்டு. ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என மூன்று உரிமைகள். 644 என்று ஓர் எண் கொடுத்தால் 110 100 100 என்று பைனரியில் பிரித்துப் பாருங்கள். சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு தரப்பும் படிக்க மட்டும். அட, நம் நம்பர் சிஸ்டம் பாடம்!

ஆர்டுயினோ போர்டை இணைக்கும் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இதை உடனே சந்திப்பார்கள். போர்டு தெரியும், ஆனால் புரோகிராம் ஏறாது, "அனுமதி இல்லை" என்று வரும். போர்டு கெட்டுப் போகவில்லை. லினக்ஸில் அந்த போர்ட்டும் ஒரு ஃபைல் மாதிரிதான். மின்ட் போன்றவற்றில் அது 'டயல்அவுட்' என்ற குழுவுக்கு உரியது. நம் பெயரை அந்தக் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் வேலை முடிந்தது.

டர்போ சி-யும் ஜி.சி.சி.-யும்

நம்மில் பலர் சி மொழி பழகியது டர்போ சி-யில். அந்த புரோகிராமை லினக்ஸின் ஜி.சி.சி. கம்பைலரிடம் கொடுத்தால் 'கோனியோ' ஹெடர் ஃபைலே இல்லை என்று நின்றுவிடும். திரையைத் துடைக்கும் கட்டளையும், ஒரு கீ அழுத்தும்வரை காத்திருக்கும் கட்டளையும் சி மொழியின் பகுதிகள் அல்ல; டாஸ் கம்பைலர்கள் சேர்த்துக் கொடுத்தவை. அந்த வரிகளை எடுத்துவிட்டால் புரோகிராம் ஓடும்.

ஃபாக்டோரியல் புரோகிராமில் 8 கொடுத்துப் பாருங்கள். டர்போ சி-யில் 'இன்ட்' வகையில் -25216 வரும். ஜி.சி.சி.-யில் 40320 என்ற சரியான விடை வரும். காரணம், முன்னதில் இன்ட் 2 பைட். 32767 வரைதான் கொள்ளும். 40320-லிருந்து 65536-ஐக் கழித்தால் அந்த மைனஸ் எண் கிடைக்கும். பின்னதில் இன்ட் 4 பைட். 12 வரை சரியாக 47,90,01,600 வரும். 13 கொடுத்தால் அதுவும் பொய் சொல்லும். ஆகவே இது லினக்ஸின் பெருமை அல்ல. விடை தவறுவதும் சரியாவதும் பைட் கணக்கால்தான் என்பது இரண்டையும் ஒப்பிட்டதும் பளிச்சென்று புரிகிறது.

குறைகளும் உண்டு

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டோகேட் லினக்ஸுக்கென்று வெளிவருவதில்லை. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் விண்டோஸை அடியோடு அழித்துவிட வேண்டாம். இரண்டையும் ஒரே லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பழகிப் பார்க்க லிப்ரேகேட், ஃப்ரீகேட் உண்டு. சர்க்யூட் போர்டு வரைய கைகேட் உண்டு.

தமிழ் எப்படி என்றால், 1999-ல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையை செட்டிங்ஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாம். ஆனால் பெயருக்கு எல்லை 255 பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். 'கணினி' என்ற சொல்லில் மெய்யும் உயிர்க்குறியுமாக 5 குறிகள், அதாவது 15 பைட். மிக நீண்ட பெயர் மட்டும் இடிக்கும். நம் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் இந்திய மொழிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே.

தொடங்குவது எப்படி?

1. முதலில் நோட்ஸ், புராஜெக்ட், போட்டோ எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள்.

2. 8 ஜி.பி. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றுங்கள். அதிலிருந்த பழைய ஃபைல்கள் போய்விடும், ஜாக்கிரதை.

3. இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், பிரின்டர் மூன்றையும் சோதியுங்கள்.

4. திருப்தியானால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸ்கில் 20 ஜி.பி. கட்டாயம் வேண்டும், 100 இருந்தால் தாராளம்.

நண்பர்களே, நாளை எந்தக் கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நம்மை உட்கார வைப்பார்கள் என்பது தெரியாது. மெனு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கற்றவன் அங்கே திகைத்து நிற்பான். மெனுவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கற்றவன் பத்து நாளில் பழகிக்கொள்வான். வீட்டு மூலையில் பழைய லேப்டாப் ஒன்று தூங்கினால் பழைய சாமான் கடைக்குப் போடுமுன் ஒரு லினக்ஸ் ஏற்றிப் பாருங்கள். செலவில்லாமல் ஒரு லேப் வீட்டுக்கே வந்த மாதிரி!