கல்லூரிக் கட்டணத்தைத் தீர்மானிப்பது யார்?



சேர்க்கைக் காலத்திலும் பருவத்தேர்வுக்கு முந்திய வாரங்களிலும் கட்டணச் சீட்டுடன் நம் அறக்கட்டளைக்கு வரும் பெற்றோர் பலர். "கல்லூரியில் ஏற்றிவிட்டார்கள்" என்பதே பெரும்பாலானோர் சொல்வது. ஆனால் பணத்தை வாங்கும் கவுண்டர் வேறு, தொகையை முடிவு செய்யும் மேசை வேறு. எந்த மேசை என்று தெரியாதவர் யாரிடம் முறையிடுவது? அதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நம் பகுதிக்குரிய பல்கலைக்கழகம் சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகம். 1997-இல் தொடங்கப்பட்ட இது சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தாய் நிறுவனம். பாடம் நடத்துவது கல்லூரி. தேர்வு நடத்திப் பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆகவே, தேர்வுக் கட்டணத்தை நாம் கல்லூரியில் கட்டினாலும் அது சேலத்துக்குப் போய்ச் சேருகிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வை அதுவே நடத்தி, தேர்வுக் கட்டணத்தையும் அதுவே வைத்துக்கொள்ளும். அரசுக் கலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் 2007-08 முதல் இல்லை. சீட்டில் இருப்பவை சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவையே.

பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஆளுநர். இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். ஆயினும் பணம் பற்றிய முடிவைத் துணைவேந்தர் தனியாக எடுக்க முடியாது. வரவு செலவுத் திட்டத்தை நிதிக்குழு பார்த்த பிறகு, சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு ஒப்புதல் தர வேண்டும். அரசுத் துறைச் செயலாளர்களுக்கும் இக்குழுவில் இடமுண்டு. நம் பள்ளிவாசலில் முத்தவல்லி மட்டும் முடிவு செய்யாமல் கமிட்டியில் வைத்துக் கணக்குப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இந்தக் குழுவின் முன் வரும் கேள்வி எப்போதும் ஒன்றே: சம்பளம், ஓய்வூதியம், விடைத்தாள் திருத்தும் செலவு ஆகியவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும்? முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று அரசு மானியம். மற்றொன்று மாணவர்களும் இணைப்புக் கல்லூரிகளும் கட்டும் கட்டணம். ஒன்று குறைந்தால் பாரம் மற்றதின் மேல் விழும்.

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமானவரித் துறை முடக்கியது. கேட்கப்பட்ட வரி சுமார் 424 கோடி ரூபாய். பல்கலைக்கழகச் செலவில் அரசு மானியம் பாதிக்கும் கீழே போய்விட்டதால், அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்குரிய வரிவிலக்கு இதற்குக் கிடையாது என்பது துறையின் வாதம். மானியம் குறைவது எங்கோ நடக்கும் கணக்கு விவகாரம் அல்ல என்பதை இது காட்டுகிறது.

2023-இல் அண்ணா பல்கலைக்கழக ஆட்சிக்குழு, இணைப்புப் பொறியியல் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணத்தை உயர்த்தியது. இளநிலையில் ஒரு தாளுக்கு 150 ரூபாய் என்பது 225 ஆனது. ஆறு தாள் எழுதும் பிள்ளைக்கு 900 ரூபாய் 1,350 ஆகும். பல ஆண்டுகளாக உயர்த்தவில்லை, செலவு கூடிவிட்டது என்று பல்கலைக்கழகம் காரணம் சொன்னது. அந்தக் காரணத்திலும் உண்மை உண்டு. ஆனால் எதிர்ப்பு எழுந்ததும், நவம்பரில் அமைச்சர் பொன்முடி தலையிட்டு, அந்தப் பருவத்துக்குப் பழைய கட்டணமே போதும் என்று அறிவித்தார்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013-இல் தனிச்சட்டம் இயற்றி அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. ஆனாலும் அதன் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் கட்டி வந்தார்கள். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, எம்.பி.பி.எஸ். கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல 13,610 ரூபாயாயிற்று. "அரசுப் பல்கலைக்கழகம்" என்ற பெயர் மட்டும் கட்டணத்தைக் குறைத்துவிடாது. யார் செலவை ஏற்கிறார்கள் என்பதே கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தப் பாடத்திலிருந்து நாம் செய்ய வேண்டியவை சில.

முதலாவது, ரசீதைத் தலைப்பு வாரியாகப் படியுங்கள். கல்லூரித் தொகை எது, பல்கலைக்கழகத் தொகை எது என்று பிரித்துப் பாருங்கள். ரசீது இல்லாத பணம் எதற்கு என்று பணிவோடு கேளுங்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகக் கட்டணம் பற்றிய மனு பதிவாளருக்கும் உயர்கல்வித் துறைக்கும் போக வேண்டும். கவுண்டரில் இருக்கும் எழுத்தரிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

மூன்றாவது, தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி, பத்து ரூபாய் கட்டணத்தில், கட்டண உயர்வு பற்றிய ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகலைக் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதித் தருகிறோம்.

நான்காவது, கிருஷ்ணகிரியிலுள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலக உதவித்தொகைக்குக் கடைசி நாள் வரை காத்திராதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. இது 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். ஒரு பருவத்தின் தேர்வுக் கட்டணம் கட்டமுடியவில்லை என்று, அதுவும் பெண்பிள்ளையின் படிப்பை, யாரும் நிறுத்திவிடாதீர்கள். ஓசூர்க் கம்பெனிகளில் எப்போது வேண்டுமானாலும் வேலைக்குச் சேரலாம். விட்ட படிப்பைத் திரும்பப் பிடிப்பது எளிதல்ல. அபராதத் தேதி வருவதற்கு முன்பே சீட்டுடன் எங்களிடம் வாருங்கள். யார் வந்தார்கள் என்பது வெளியே போகாது.

பொதுப்பணம் ஓர் அமானிதம். பள்ளிவாசல் கணக்கைக் கேட்கும் உரிமை ஜமாஅத்துக்கு இருப்பது போல, பல்கலைக்கழகக் கணக்கைக் கேட்கும் உரிமை மாணவருக்கும் பெற்றோருக்கும் உண்டு. அறிந்து, அடக்கமாக, எழுத்தில் கேட்போம். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.