பரணில் கிடைத்த கோல்

அன்புள்ள கதிருக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒரு முனை உருண்டு தடித்து, மறுமுனை மெலிந்து, தண்டு நெடுகக் குறுக்குக் கீறல்கள். உன் அத்தை உலக்கைத் துண்டு என்கிறாள், சித்தப்பா திருடனை அடிக்க வைத்திருந்த தடி என்கிறான். இடித்த கட்டையோ அடித்த கட்டையோ என்றால் தடித்த முனை நசுங்கியிருக்கும். இதில் அந்த முனை வழவழவென்று இருக்கிறது. தேய்ந்திருப்பது தண்டுதான், அதுவும் கயிறு உரசிய மாதிரி.

எனக்கென்னவோ துலாக்கோல் என்றே படுகிறது. மெலிந்த முனையில் தட்டைத் தொங்கவிட்டு, தண்டில் ஒரு கயிற்றுச் சுருக்கை மாட்டித் தூக்குவார்கள். கோல் சாயாமல் மட்டமாக நிற்கும்வரை சுருக்கை நகர்த்துவார்கள். எந்தக் கீறலில் நிற்கிறதோ அதுதான் எடை. படிக்கல்லே கிடையாது. தடித்த முனையின் கனம்தான் படிக்கல்.

அதனால்தான் சொல்கிறேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கும் யோசனையை விட்டுவிடு. எண்ணெய்கூட வேண்டாம். மரத்தின் எடை மாறினால் கீறல்கள் எல்லாம் பொய்யாகிவிடும். உலர்ந்த துணியால் தூசி தட்டு, போதும்.

முதலில் கீறல்களின் இடைவெளியை ஒரு நூலால் அள. அழகுக்குப் போட்டவை என்றால் சமமாக இருக்கும். எடைக்குப் போட்டவை தட்டுப் பக்கம் போகப்போக நெருங்கும். சரக்கு கூடக்கூடச் சுருக்கு தட்டை நோக்கி நகரும், ஆனால் நகரும் தூரம் குறைந்துகொண்டே வரும்.

அதில் கிலோவைத் தேடாதே. மெட்ரிக் எடைச் சட்டம் வந்ததே 1956-இல். பூட்டன் புளியும் மிளகாயும் விற்றது வீசைக் கணக்கில். 40 பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1.4 கிலோ. தடித்த முனையை ஒட்டிய முதல் கீறல் வெறும் தட்டுக்கானது என்று வைத்துக்கொள். ஒரு தட்டைக் கட்டி, கோல் அந்தக் கீறலில் மட்டமாக நிற்கும்வரை மணல் போடு. பிறகு 1.4 கிலோ அரிசியை வைத்துப் பார். பெரிய கீறல் எதிலாவது நின்றால் சந்தேகமே இல்லை.

நிற்காவிட்டால் மரம் காய்ந்திருக்கலாம், செல்லரித்திருக்கலாம். வாங்குவதற்கு ஒரு கோல், விற்பதற்கு ஒரு கோல் என்று பூட்டன் வைத்திருந்திருக்கவும் கூடும். அதை மட்டும் உன் அத்தையிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா