பெற்றோல் பம்ப் போடும் முன் அயல் கிணற்றைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியில் கல்முனை வீதியோரம் கடை வைத்திருப்பவருக்கு, முன்றலில் இடமிருந்தால் ஒரு பெற்றோல் பம்பும் போடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. அயலவர் எதிர்த்தால் 'பொறாமை' என்று ஒதுக்கிவிடுகிறோம். அது பிழையான கணக்கு என்பேன்.

இப்பகுதி கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். நிலத்தடித் தாங்கியில் கசிவு ஏற்பட்டால் மணல் அதைத் தடுத்து வைக்காது. கிணற்று நீருக்குப் போய்விடும். பெற்றோலிலுள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

சுன்னாகத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்துமாறு அந்நிறுவனத்தைப் பணித்தது. அதில் ஒரு சிறு பங்கையேனும் நமது கடை தாங்குமா?

ஆகவே வியாபார அன்பர்களே, விண்ணப்பிக்கும் முன்பே சுற்றியுள்ள கிணற்று நீரைப் பரிசோதித்து, அறிக்கையின் பிரதியை அந்தந்த வீட்டாரிடம் கொடுங்கள். நாளை முறைப்பாடு வந்தால் இரு தரப்புக்கும் அதுவே ஆதாரம். பம்ப் வந்த பின், தினமும் தாங்கியை அளவுகோல் விட்டு அளந்து விற்பனைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தொடர்ந்து குறைந்தால் கசிவைச் சந்தேகியுங்கள். பவுசர் வரும் நேரத்தையும், 2022இல் கண்டது போன்ற வரிசை வந்தால் வாகனங்கள் எங்கே நிற்கும் என்பதையும் அயலவரோடு முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் சட்டத்துக்காக. பம்புக்கு வருபவர்களில் பலர் வழிப்போக்கர்கள். சீனிக்கும் பருப்புக்கும் தினமும் கடைக்கு வருபவர் பக்கத்து வீட்டார்தான்.