தன்னார்வ மென்பொருள் திட்டங்கள்: தொடர்ச்சிக்கான வழிகள்

மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருடன் பகிர்ந்துகொள்ளவும் எவருக்கும் உரிமை வழங்கும் மென்பொருள் திறமூல மென்பொருள் எனப்படுகிறது. அரசு அலுவலகங்களில் இதன் பயன்பாட்டை ஊக்குவிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' இயக்குதளம், டெபியன் என்னும் பன்னாட்டுத் தன்னார்வத் திட்டத்தை அடித்தளமாகக் கொண்டது. ஊதியமும் மேலதிகாரியின் ஆணையும் இல்லாத ஓர் அமைப்பு எவ்வாறு தொடர்ந்து இயங்குகிறது என்பது, ஆகவே, நமக்கும் உரிய வினாவாகும்.

தோற்றமும் அமைப்பும்

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். 1996இல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். நிறுவியவருடன் முடிந்துபோகும் பல முயற்சிகளைப் போலன்றி, இத்திட்டம் நிலைத்தது. அதன் குறிக்கோள்களைக் கூறும் சமூக ஒப்பந்தம் 1997இலும், நடைமுறை விதிகளைக் கூறும் அமைப்புச் சட்டம் 1998இலும் ஏற்கப்பட்டன. தலைவர் ஆண்டுதோறும் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

எவரையும் பணிசெய்யுமாறு கட்டாயப்படுத்த இயலாது என்பதும், முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராக எவரும் செயற்படலாகாது என்பதும் அச்சட்டத்தின் சாரம். கட்டளையிட இயலாத இடத்தில் ஒழுங்கை நிலைநாட்டுவது எங்ஙனம்?

காலதாமதம் கற்பித்த பாடம்

டெபியனின் 3.0 வெளியீடு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த வெளியீடான 3.1, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து 2005 ஜூனில்தான் வந்தது. உறுப்பினர்களிடம் ஆர்வம் குன்றியதே காரணம் எனக் கருதுவது தவறு. புதிய நிறுவல் கருவி ஆயத்தமாக நீண்டகாலம் பிடித்தது. வெளியீட்டுக்கு உறுதியான நாள் இல்லாததால், ஒவ்வொருவரும் தம் பகுதியில் மேலும் ஒரு திருத்தத்தைச் சேர்க்க விரும்பினர். ஒன்று முடிவதற்குள் மற்றொன்று பழையதாயிற்று. இதற்கிடையில், டெபியனின் அடிப்படையிலேயே உருவாகி, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளிவரும் உபுண்டு 2004 அக்டோபரில் தோன்றியது.

தாம் செய்த வேலை பயனாளரைச் சென்றடைவதே தன்னார்வலருக்குக் கிடைக்கும் கூலி. அது தாமதமானால் ஊக்கமும் தளரும். இதனை உணர்ந்த டெபியன், புதிய மாற்றங்களை நிறுத்தும் 'உறைநிலை'க் காலத்தை முன்கூட்டியே அறிவிக்கும் முறையை 2009இல் மேற்கொண்டது. 2011 முதல் 2025 வரை ஈராண்டுக்கு ஒருமுறை, தவறாமல் எட்டு வெளியீடுகள் வந்துள்ளன.

உறைநிலை செயற்படும் விதம்

2023ஆம் ஆண்டின் வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 12இல் பல தொகுப்புகளை ஒருசேரப் பாதிக்கும் பெரிய மாற்றங்கள் நிறுத்தப்பட்டன. பிப்ரவரி 12 முதல் சிறிய திருத்தங்கள் மட்டும் ஏற்கப்பட்டன. மார்ச் 12, மே 24 ஆகிய நாட்களில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. ஜூன் 10இல், 64,000க்கும் மேற்பட்ட தொகுப்புகளுடன் வெளியீடு நிறைவேறியது.

கடுமையான வழுக்கள் தனியே பட்டியலிடப்படுகின்றன. இன்றியமையாத தொகுப்பாயின் பலரும் சேர்ந்து அதனைச் சீர்செய்கின்றனர்; பிற தொகுப்புகள் ஆயத்தமாகாவிடில் அவ்வெளியீட்டிலிருந்து விலக்கப்படுகின்றன. அடுத்த வாய்ப்பு ஈராண்டில் வரும் என்பது உறுதியானதால், விலக்கப்பட்டவருக்கும் அது பேரிழப்பன்று.

பொறுப்பு கைமாறுதல்

ஒவ்வொரு தொகுப்புக்கும் பராமரிப்பாளர் உண்டு. அவர் நோயுற்றாலோ, வேலை மாறினாலோ, ஆர்வம் இழந்தாலோ பணி நின்றுவிடலாகாது. எனவே, உரிய முன்னறிவிப்புக்குப் பின் பிற உறுப்பினர் வழுவைத் திருத்தி வெளியிட விதி இடமளிக்கிறது. நெடுநாள் தொடர்பற்றுப் போனவர்களை விசாரித்து அறிய ஒரு குழு உள்ளது. கைவிடப்பட்ட தொகுப்புகளின் பட்டியல் வெளிப்படையாக வைக்கப்படுகிறது. இனி இயலாது என்று அறிவித்து விலகுவது இங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. அறிவிக்காமல் மறைவதே தீங்கு.

தனியொருவர் சுமக்கும் பாரம்

இத்தகைய ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் நேரும் ஆபத்துக்கு 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளை நெடுங்காலம் ஒரே தன்னார்வலர் பராமரித்துவந்தார். களைப்புற்ற அவருக்கு உதவ முன்வந்து, படிப்படியாக நம்பிக்கை பெற்ற ஒருவர், அதனுள் மறைவான நுழைவழி ஒன்றைப் புகுத்திவிட்டார். தொலைக் கணினியில் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் பிராயண்ட் என்னும் பொறியாளர் மார்ச் மாதத்தில் அதனைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனை நிலைப் பதிப்புகளில் அந்நிரல் புகுந்திருந்தது; ஆனால் நிலையான வெளியீட்டை அது எட்டவில்லை. படிப்படியாக வெளியிடும் முறையின் அருமை இதனால் விளங்கும்.

பயன்படுத்துவோர் கடமை

இலவசமாகக் கிடைப்பது செலவின்றி உருவாவதில்லை. உலகின் எண்ணற்ற வணிக, அரசுத் தளங்கள் நம்பியிருந்த ஓப்பன்-எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014இல் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோதுதான், அதனைப் பேணியவர் மிகச் சிலரே என்பதைப் பலரும் அறிந்தனர். அதே ஆண்டில், டெபியனின் பழைய வெளியீடுகளுக்கு நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தம் வழங்கும் பணி, பயன்படுத்தும் நிறுவனங்களின் நிதியுதவியோடு தொடங்கப்பட்டது. பிற அமைப்புகளுக்கும் இது வழிகாட்டும்.

திறமூல மென்பொருளைப் பயன்படுத்தும் அலுவலகங்கள், கண்ட வழுக்களை முறையாகத் தெரிவிக்கலாம். தாம் செய்த திருத்தங்களை மூலத் திட்டத்துக்குத் திருப்பி அளிக்கலாம். தம் பொறியாளர்கள் அலுவல் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட அனுமதிக்கலாம். மாணவர்கள் மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுதல், சோதித்தல் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். டெபியனின் ஆண்டு மாநாடு 2023இல் கொச்சியில் நடைபெற்றது. நம் இளைஞர்கள் பயனாளராக மட்டுமன்றிப் பங்காளராகவும் இத்துறையில் நிற்க இயலும் என்பதை அது உணர்த்துகிறது.

தன்னார்வப் பணிக்கு ஆர்வம் தொடக்கமே. குறித்த காலத்தில் வெளியிடும் பழக்கமும், பொறுப்பை உரிய நேரத்தில் கைமாற்றும் மரபும், பயன்பெறுவோரின் துணையும் சேர்ந்தால்தான் அது நிலைபெறும்.